கட்டிலின் இடப்பக்கக் கம்பியில் ஒரு கமெரா

அத்தானுக்கு வாசல் தெரியவேண்டும். கட்டிலில் சாய்ந்திருந்தபடியே, காலடிக்கு நேரே உள்ள கதவு வழியாக முற்றம், படலை, அதற்கப்பால் வாய்க்கால் கட்டு வரை அவர் கண் போகும். யார் வருகிறார்கள், யாருடைய உழவு இயந்திரம் போகிறது, மாடு வேலிக்குள் தலையை விடுகிறதா என்பதெல்லாம் அந்த வீட்டில் முதலில் அவருக்குத்தான் தெரியும். தலையசைவால் மவுஸை இயக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுக்கப் போன முதல் நாள், கமெராவை முகத்துக்கு நேரே நிற்கும்படி ஒரு கம்பியில் பொருத்தினேன்.

“தம்பி, உது எனக்கு முன்னாலை நிக்குது. வாசலை மறைக்குது, எடு” என்றார்.

எடுத்துவிட்டேன். பக்கத்தில் வைத்த கமெராவை, நேரே இருப்பது போல வேலை செய்ய வைப்பதற்கு அதன் பிறகு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் எனக்குப் பிடிபட்டதை எழுதி வைக்கிறேன். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் இருப்பவர்களைப் பராமரிக்கும் வீடுகள் வன்னியில் பல இருக்கின்றன. அந்த வீடுகளில் எதிலும் கட்டிலுக்கு நேர் எதிரே, சரியான உயரத்தில், ஒரு மேசையும் கமெராவும் சும்மா காத்திருக்கப் போவதில்லை.

அத்தான் 2019இல் பாலை மரத்திலிருந்து விழுந்தவர். பாலைப்பழக் காலம். கொப்பு முறிந்தது. கழுத்தில் நாலாவது முள்ளெலும்பு மட்டத்தில் முண்ணாண் (தண்டுவடம்) அடிபட்டது. ராகமவில் புனர்வாழ்வு வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு, தலையும் கழுத்தும் நன்றாக அசைகின்றன, தோளைக் கொஞ்சம் உயர்த்துவார், கை எழும்பாது. விழுவதற்கு முன் அவர் எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பின் செயலாளர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் (கோடை நெல்) எல்லாருடைய முழுக்காணிக்கும் வராது. குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், யார் யாருடைய பங்கைக் குத்தகைக்குச் செய்கிறார்கள் என்பது அவருடைய தலைக்குள் அப்படியே இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தானே அடிக்கவேண்டும் என்பதுதான் அவர் என்னிடம் கேட்டது. குரலால் எழுதும் வசதியைப் போட்டுக் காட்டினேன். கடிதம் எழுத அது பரவாயில்லை. எக்செல் கட்டத்துக்குக் கட்டம் தாவ அது உதவவில்லை. இணைய சிக்னலும் அந்த வளவில் நின்று பிடிக்காது.

நான் கிளிநொச்சி டவுனில் கணினி திருத்துபவன். வைத்தியம் படித்தவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் போட்ட மென்பொருள் ஈவியாகாம் (eViacam). இலவசம், வின்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், சாதாரண வெப்கமெரா போதும். அது முகத்தைத் தேடிப் பிடித்து, முகம் படத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்குக் கேர்சரை நகர்த்தும். கேர்சர் ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் தானாகக் கிளிக் செய்யும். வீட்டில் என்னுடைய மேசையில், கமெரா நேரே இருக்க, பத்து நிமிடத்தில் எனக்குப் பழகிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் அத்தான் இருக்கும் வட்டக்கச்சிக்குப் போனேன்.

அத்தானின் அறை வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன அறை. திரையைக் காலடியில் கதவுக்கு வலப்புறமாகச் சுவரோடு வைத்தோம். அவர் கண்ணிலிருந்து நாலடி. கமெராவைத் திரைக்கு மேலே வைத்தால் முகம் படத்தில் சின்னதாக விழுகிறது. போதாததற்கு அக்கா கட்டிலைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் குறுக்கே மறைக்கிறது. எனவே கட்டிலின் பக்கக் கம்பிதான் வழி. மின்செருகி வலப்புறம் இருந்ததால் வலப்பக்கக் கம்பியில் கமெராவைக் கட்டினேன். அதுதான் முதல் பிழை. செருகி எங்கே இருக்கிறது என்று பார்த்து இடத்தைத் தீர்மானித்தேன். கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கவில்லை.

கமெரா முகத்திலிருந்து முன்னுக்கு 45 சென்ரிமீற்றர், பக்கத்துக்கு 45 சென்ரிமீற்றர். இரண்டும் சமம் என்றால் கோணம் 45 பாகை. அவர் நேரே பார்க்கும்போதே கமெராவுக்குப் பாதி முகம்தான். ஈவியாகாம் முகத்தைப் பிடிக்கும், விடும், பிடிக்கும். ஒருமுறை சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்த பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டது. அத்தான் தலையை அசைக்கிறார், கேர்சர் அசையவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் வாசலைப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த கிழமை முக்கால் இஞ்சி பி.வி.சி. குழாயில் ஒரு கை செய்தேன். கம்பியில் கிளாம்ப், அங்கிருந்து காலடிப் பக்கமாக ஒரு நீளம், ஒரு எல்போ, பிறகு உள்ளுக்கு ஒரு குட்டைத் துண்டு. இப்போது கமெரா முன்னுக்கு 60, பக்கத்துக்கு 25. இருபத்தைந்தை அறுபதால் பிரித்துக் கல்குலேற்றரில் டான் எதிர்மாறு (tan⁻¹) போட்டால் 23 பாகைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். டேப் ஒன்றும் கைபேசிக் கல்குலேற்றரும் இருந்தால் எவரும் இந்தக் கோணத்தை எடுக்கலாம். எடுத்து எழுதி வையுங்கள். பிறகு வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு எண்ணில்தான் தொங்கும்.

23 பாகைக்கு வந்ததும் நேரே பார்க்கும்போது முகம் விடுபடவில்லை. ஆனால் திரையின் இடது ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் அறுந்தது. ஏன் என்று விளங்க இரண்டு நாள் எடுத்தது. கிளிநொச்சி வைத்தியசாலையில் இருந்து வரும் பிசியோ மிஸ்தான் கேட்டார்: “இவருக்கு ரெண்டு பக்கமும் கழுத்து ஒரே மாதிரியே திரும்புது?” அளந்து பார்த்தோம். இடப்பக்கம் 40 பாகை வரை நோவில்லாமல் போகிறார். வலப்பக்கம் 25இல் இறுகுகிறது. கமெராவோ வலப்பக்கம். இடது ஓரத்தைத் தொட அவர் கழுத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பினால் 40உம் 23உம் சேர்ந்து 63. கமெராவுக்குத் தெரிவது காதும் கன்னமும். கமெராவை இடப்பக்கம் மாற்றினால்? இடப்பக்கம் 40 திரும்பும்போது கமெராவைத் தாண்டி 17 பாகைதான். வலப்பக்கம் 25 திரும்பும்போது 48. இரண்டு பக்கமும் சமாளிக்கக்கூடிய அளவு.

ஆகவே கழுத்து எந்தப் பக்கம் கூடத் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கமெராவை வையுங்கள். எனக்கு முன்பு தோன்றியது நேர்மாறு. திரும்ப முடியாத பக்கம் கமெரா இருந்தால் அவருக்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். செருகிக்கு நீட்டு வயர் 600 ரூபாய்க்கு வாங்கி, கையைக் கழற்றி இடப்பக்கம் பூட்டினேன்.

அன்றைக்குத்தான் அந்தச் சம்பவம் நடந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்.

இடப்பக்கம் அவருடைய சிறுநீர்க் குழாய் போகும் பக்கம். கட்டில் கம்பியோடு ஒட்டித்தான் அது கீழே பைக்கு இறங்கும். கிளாம்பை முறுக்கும்போது விரிப்பின் மடிப்புக்குள் அந்தக் குழாயும் சேர்ந்து நசிந்ததை நான் காணவில்லை. ஒரு மணித்தியாலம் உற்சாகமாகக் கேர்சரை ஓட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று அத்தான் “தலை இடிக்குது” என்றார். கழுத்தைக் கூட அசைத்ததால்தான் என்று நான் நினைத்தேன். அக்கா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தவள், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “இவருக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது, முகம் சிவந்திட்டுது. கட்டிலை நிமித்து, கெதியா!” நிமிர்த்தினோம். அவள் உடுப்பைத் தளர்த்தி, பையைப் பார்த்தாள். ஒரு மணித்தியாலமாகத் துளி கூட இறங்கவில்லை. குழாயைத் தடவிக்கொண்டு மேலே வந்த அவளுடைய விரல் என் கிளாம்பில் வந்து நின்றது.

நெஞ்சு முள்ளெலும்பில் ஆறாவதிலோ அதற்கு மேலேயோ முண்ணாண் அடிபட்டவர்களுக்கு, கீழே உடம்பில் எங்காவது நெருக்கடி வந்தால், சிறுநீர்ப்பை நிறைவதுதான் இதில் அதிகம், இரத்த அழுத்தம் ஒரேயடியாக ஏறும். கீழே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு உணர்வாகத் தெரியாது. இடிக்கும் தலையும் வேர்க்கும் நெற்றியும்தான் சொல்லும். காரணத்தைக் கண்டு எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அக்காவுக்கு இதை ராகமவில் படிப்பித்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளாம்பைத் தளர்த்திப் பத்து நிமிடத்தில் அவர் தெளிந்தார். நான் முற்றத்தில் போய் வேப்பமரத்தடியில் இருந்தேன். அக்கா தேத்தண்ணி கொண்டு வந்து தந்து ஒன்றும் பேசாமல் நின்றாள். கட்டிலில் எதையும் பூட்டுவதற்கு முன் அங்கே ஓடும் ஒவ்வொரு குழாயையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பூட்டிய பிறகு திரும்பவும் தொடுங்கள். பைக்குள் இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கணினியைத் திறவுங்கள். இப்போது கிளாம்ப் இருப்பது குழாய் போகாத மேல்கம்பியில். அதைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன்.

இனிக் கணினிப் பக்கம். இடப்பக்கம் மாற்றிய பிறகு முகம் அறுபடவில்லை. ஆனால் கேர்சர் வலப்பக்கம் போகும்போது மந்தமாகவும் இடப்பக்கம் பாய்ந்தும் போனது. இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஈவியாகாம் பார்ப்பது படத்தில் நகரும் தூரத்தை. கமெராவுக்கு நேரே பார்க்கும் முகம் ஒரு பாகை திரும்பினால் மூக்கு படத்தில் நன்றாக நகரும். ஏற்கனவே விலகித் திரும்பியிருக்கும் முகம் அதே ஒரு பாகை திரும்பினால் நகர்வு குறையும். குறைந்து மிஞ்சும் நகர்வு கோணத்தின் கோசைன் அளவு. நேரே பார்க்கும்போது 23 பாகை, கோசைன் 0.92. வலப்பக்கம் 20 திரும்பினால் 43 பாகை, 0.73. இடப்பக்கம் 20 திரும்பினால் 3 பாகை, ஏறக்குறைய 1. ஒரே அளவு திரும்பினாலும் ஒரு பக்கத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஈவியாகாமில் குறுக்கு வேகம், நெடுக்கு வேகம் என்று தனித்தனியே கொடுக்கலாம். இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று என்று கொடுக்க முடியாது.

கொஞ்ச நாள் இதோடு சமாளித்தோம். அந்த மாதிரி மென்பொருளில் ஒரு வசதி உண்டு: கேர்சர் திரை ஓரத்தில் முட்டிய பிறகும் தலையை அதே பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டு போனால், திரும்பி வரும்போது தலைக்கும் கேர்சருக்குமான பொருத்தம் மாறியிருக்கும். மேசையில் மவுஸைத் தூக்கி வைப்பது போல. வலது ஓரத்தில் ஒருமுறை, இடது ஓரத்தில் ஒருமுறை என்று இடித்து நடுவுக்குக் கொண்டுவர அத்தான் பழகிவிட்டார். ஆனால் அரை மணித்தியாலத்தில் கழுத்து களைத்துவிடும்.

அப்போதுதான் ஓப்பன்ட்ராக் (opentrack) என்பதைப் போட்டுப் பார்த்தேன். விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுக்காரர்கள் தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்ப்பதற்குப் பயன்படுத்துவது. இதுவும் இலவசம். இது படத்தில் நகர்ந்த தூரத்தோடு நிற்காமல், தலை எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று மதிப்பிடுகிறது. யோ என்றால் இல்லை என்று சொல்லத் தலையைத் திருப்புவது. பிட்ச் என்றால் மேலும் கீழும். ரோல் என்றால் காது தோளைத் தொடுவது போலச் சாய்ப்பது. இவற்றில் யோவைக் கேர்சரின் குறுக்குக்கும் பிட்சை நெடுக்குக்கும் கொடுத்து, வெளியீட்டில் மவுஸைத் தெரிவுசெய்தால் கேர்சர் நகரும். நின்றால் கிளிக் செய்வதை இது செய்யாது, அதற்குத் தனி மென்பொருள் ஓடவேண்டும். வெறும் வெப்கமெராவோடு ஓட, நியூரல்நெட் என்ற தெரிவை எடுங்கள். அதற்குள் கமெராவின் பார்வைக் கோணத்தைக் கேட்கும். அந்த எண் கமெரா விற்கும் பெட்டியிலோ விவரத்திலோ இருக்கும். மூலைக்கு மூலை அளந்த கோணம். லொஜிடெக் சி920 என்றால் 78. இதைப் பிழையாகக் கொடுத்தால் தூரக் கணக்கு முழுதும் பிழையாகிவிடும்.

பிறகு நடு. ஓப்பன்ட்ராக்கில் ஒரு சாவியை அழுத்தினால், அந்தக் கணத்தில் தலை எப்படி இருக்கிறதோ அதையே சூனியமாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் வைத்த கமெராவுக்கு இதுதான் உயிர். கமெரா 23 பாகை விலகியிருப்பதை நீங்கள் மென்பொருளுக்குச் சொல்லத் தேவையில்லை. அத்தான் திரையைப் பார்த்தபடி ஓய்வாக இருக்கும்போது சாவியை அழுத்தினால் அந்த 23உம் தானாகக் கழிந்துவிடும். நான் ஆரம்பத்தில் செய்த பிழை, அவரைக் கமெராவைப் பார்க்கச் சொல்லிவிட்டு அழுத்தியது. படம் எடுப்பது போல, “இஞ்ச பாருங்கோ அத்தான்” என்று சொல்லி. அதனால் நடு கமெராப் பக்கம் போய், திரையைப் பார்க்க அவர் எப்போதும் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்கவேண்டி வந்தது. தலையணையில் தலை பாரமில்லாமல் விழும் இடம் எதுவோ, அந்த இடத்தில் வைத்துத்தான் நடுவை எடுக்கவேண்டும். அவரிடம் “கண்ணை மூடி ஒருக்கா மூச்சு விடுங்கோ, பிறகு கண்ணை மட்டும் திறந்து திரையைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு அழுத்துகிறோம்.

அந்தச் சாவியை அவரே அழுத்தவேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றின் உள்ளே இருக்கும் சின்னப் பலகையை எடுத்து, எஃப்8 சாவிக்கான இரண்டு புள்ளியில் வயர் ஒட்டி, உடைந்த மவுஸிலிருந்து கழற்றிய பொத்தானை மறு நுனியில் பிடித்தேன். அதைத் துணி சுற்றித் தலையணையின் இடது விளிம்பில் தைத்துவிட்டது மருமகள். கன்னத்தால் சரிந்து அழுத்துகிறார். அழுத்தும் கணத்தில் தலை சரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, பொத்தான் அழுந்தி 2 விநாடிக்குப் பிறகு எஃப்9 போகும்படி செய்து, ஓப்பன்ட்ராக்கில் நடுவுக்கான சாவியாக எஃப்9ஐக் கொடுத்தேன். அந்த இரண்டு விநாடியில் அவர் தலை தலையணைக்குத் திரும்பி விழுந்துவிடும்.

இனி வளைகோடு. ஓப்பன்ட்ராக்கில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரைபடம் உண்டு. கீழே தலையின் பாகை, பக்கத்தில் வெளியே போகும் அளவு. அதில் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வளைகோடு போட ஒரு பெட்டியை அடையாளமிடலாம். அத்தானுக்கு இடப்பக்கம் 30 பாகை திரும்பினால் திரையின் ஓரம், வலப்பக்கம் 18 பாகையிலேயே ஓரம் என்று போட்டிருக்கிறேன். அவரால் முடிந்த 40ஐயும் 25ஐயும் முழுதாகக் கேட்கவில்லை. எட்டக்கூடிய எல்லைக்கு ஒவ்வொரு தடவையும் போனால் அந்தக் கழுத்து எத்தனை நாளைக்குத் தாங்கும். இரண்டு வளைகோட்டிலும் நடுவில் 2 பாகைக்கு ஒன்றும் அசையாத இடம். அந்த இரண்டு பாகை இல்லாவிட்டால் மூச்சு விடும்போதே கேர்சர் நடுங்கும். வின்டோஸின் மவுஸ் அமைப்பில் சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவது என்று ஒரு அடையாளம் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேகத்தை மாற்றினால் எதைத் திருத்துவது என்று தெரியாது.

கமெரா பக்கத்தில் இருப்பதைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், உண்மையில் அதிகம் தொந்தரவு தந்தது அது இல்லை. சரிவு. கமெரா தன் அச்சில் ஒரு பக்கம் சரிந்து நின்றால் எந்த மென்பொருளும் குழம்பும். 10 பாகை சரிந்தால், குறுக்கே 100 புள்ளி போகும்போது கேர்சர் 17 புள்ளி கீழே அல்லது மேலே இழுபடும். எக்செல்லில் அது ஒரு வரி. பெயர் ஒருவருடையது, ஏக்கர் அடுத்தவருடையது. பட்டியலில் இப்படி ஒரு பிழை நடந்தால் வாய்க்கால் கட்டில் சண்டை வரும். ஆகவே பக்க விலகலை மென்பொருளில் திருத்துங்கள், சரிவைக் கையால் திருத்துங்கள். நான் செய்யும் வழி: கமெராப் படத்தைத் திரையில் திறந்து, அவருடைய இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் வரும் வரை கமெராவைத் திருகுவேன். சுவரையோ கட்டிலையோ பார்த்துத் திருகக்கூடாது. தலையணையில் அவருடைய தலை எப்போதும் கொஞ்சம் சரிந்துதான் கிடக்கும். அந்தச் சரிவுக்குச் சமமாகக் கமெராவும் சரியவேண்டும். திருகிய பிறகு எல்போவிலும் கமெராக் கழுத்திலும் மருமகளின் நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு இழுத்தோம். சாப்பாடு தீத்தவும் சளி எடுக்கவும் குழாய்க் கையை ஒதுக்கிவிட்டு, திரும்பிக் கொண்டுவரும்போது இரண்டு கோடும் சேர்ந்தால் போதும். அக்காவுக்கு இதற்கு நான் தேவையில்லை.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பி விடவேண்டும். நிமிர்ந்து, வலம் சரிந்து, இடம் சரிந்து. ஒவ்வொன்றிலும் முகம் வேறு கோணம். எனவே மூன்று அமைப்பைத் தனித்தனியே சேமித்திருக்கிறோம். குழாய்க் கையிலும் மூன்று நிறத்தில் கோடு. இடம் சரிந்து படுக்கும்போது கமெரா முகத்துக்கு நேரே வந்துவிடும், அப்போது ஈவியாகாமே போதும் என்கிறார். வலம் சரிந்தால் அமைப்பு இருந்தும் வேலை நடக்காது. அந்த இரண்டு மணித்தியாலம் வானொலி.

சில சின்ன விசயங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமெராவின் அமைப்பில் அது 60இல் இருந்தால் எல்.ஈ.டி. பல்ப்பின் கீழே படத்தில் பட்டை பட்டையாக ஓடும், முகம் நடுங்கும், 50க்கு மாற்றுங்கள். வெளிச்சம் குறைந்தால் கமெரா ஒரு விநாடிக்கு எடுக்கும் படங்களைக் குறைத்துவிடும், கேர்சர் பின்தங்கும். பின்னேரம் நுளம்புவலை போட்டால் தானாகக் குவியும் கமெரா வலையில் குவிந்துவிடும். குவியத்தை ஒரு இடத்தில் பூட்டி, கமெராவை வலைக்குள்ளே விடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குழாய்க் கை ஆடியது. ஆற்று மணலைக் காயவைத்துக் குழாய்க்குள் நிரப்பி இரண்டு பக்கமும் மூடி போட்டேன், ஆட்டம் நின்றது. கரண்ட் போய் வந்தால் மென்பொருள் லப்டொப்பின் சொந்தக் கமெராவைத் திறந்துகொண்டு நிற்கும். சொந்தக் கமெராவை வின்டோஸில் செயலிழக்கச் செய்துவிடுங்கள், அக்கா என்னைக் கூப்பிடவேண்டி வராது.

தலையாட்டிப் பேசுவதும் ஒன்று. “சரியோ அத்தான்?” என்று கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லாரையும் போல அவரும் தலையை இரு பக்கமும் ஆட்டித்தான் சம்மதம் சொல்வார். கேர்சர் திரை முழுக்க ஓடி எங்காவது நின்று கிளிக் செய்யும். ஒருமுறை ஒரு நிரை முழுக்க அழிந்தது. இப்போது அவர் வேலை செய்யும்போது எவரும் கேள்வி கேட்பதில்லை. கேட்கவேண்டுமென்றால் முதலில் அவர் கிளிக்கை நிறுத்தும் கட்டத்தில் கேர்சரை விடும் வரை பொறுப்போம். நின்று கிளிக் செய்யும் நேரத்தை ஒன்றரை விநாடியில் தொடங்கினோம். இப்போது 0.9. திரையின் எழுத்தை 150 வீதத்துக்குப் பெருப்பித்து, எக்செல் நிரைகளையும் உயர்த்தியிருக்கிறோம். தமிழ் 99 விசைப்பலகையைத் திரையில் திறந்து பெயர்களை அடிக்கிறார். ஒரு பெயருக்கு ஒரு நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்பது பிசியோ மிஸ் சொன்னது. அவர் கேட்பதில்லை, அக்கா திரையை அணைத்துவிடுவாள்.

சிறுபோகப் பட்டியல் பங்குனியில் முடிந்தது. அச்செடுக்க என்னுடைய கடைக்கு வந்தபோது நான் ஒவ்வொரு நிரையாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் ஏக்கரில் 1க்குப் பதில் 11 இருந்தது. தொலைபேசியில் சொன்னேன். “அது அங்கை கேர்சர் ரெண்டு தரம் கிளிக் பண்ணினது. எனக்குத் தெரியும், நீ காணுறியோ எண்டு பாத்தனான்” என்றார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கதவு மேற்குப் பார்த்தது. பின்னேரம் நாலரைக்குப் பிறகு வெயில் வாசலால் நேரே வந்து அவருடைய வலக் கன்னத்தில் விழ, இடப்பக்கம் இருளாகி, கமெரா முகத்தைத் தொலைக்கிறது. கதவைச் சாத்தலாம். ஆனால் அந்த நேரம்தான் வயலுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். கதவின் மேல்பாதிக்கு மட்டும் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகும்போது சாக்கும் ஆணியும் கொண்டு போகவேண்டும்.